பல்லியிடமிருந்து மீட்கப்பட்ட முத்துப்பேச்சி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கு மேல்மாடியில் ‘ஊரக மகளிர் இல்ல முடிவெடுப்பு மேம்பாட்டு மையம்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரை மூச்சு விடாமல் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்துவிட்டால் உங்களுக்கு அங்கே ஒரு வேலை உறுதி. எனக்குத் தெரிந்து அங்கே வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. கிராமத்து வீடுகளில் பெண்கள் தாங்களாக முடிவெடுப்பதில்லை, அவர்களை எடுக்க வைக்க வேண்டும் என்பதுதான் மையத்தின் நோக்கம். இதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு உண்டு. குழுவில் இருப்பவர்கள் ஆண்கள். ஒரே ஒரு பெண்மணியும் உண்டு. கூட்டம் எத்தனை மணிக்கு என்று அவருக்கு யாராவது போன் செய்து சொல்வார்கள், கூட்டம் முடிந்த பிறகு.

மையத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பெயர் நவநீதகிருஷ்ணன். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். திங்கட்கிழமைதோறும் ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். “பெண்கள் முடிவெடுக்க வேண்டும் என்று நாம் முடிவெடுத்துவிட்டோம். இதில் அவர்களுடைய அபிப்பிராயத்துக்கே இடமில்லை” என்று மேசையைத் தட்டுவார். நடுவில் அவர் மனைவியிடமிருந்து போன் வரும். “கத்தரிக்காய் வாங்குனியா? யாரைக் கேட்டு வாங்குன?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு, மறுபடியும் மேசையைத் தட்டுவார்.

இப்பேர்ப்பட்ட மையம்தான் கான்சாபுரத்து முத்துப்பேச்சியைக் கண்டுபிடித்தது. அவளை யார் கண்டுபிடிக்கச் சொன்னார்கள் என்கிற எரிச்சலில்தான் நான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

முத்துப்பேச்சி தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் சமுத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் அழகுராஜா ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். தங்கமான பிள்ளை. “ஓடு ஒழுகுதுப்பா, மாத்தணுமா?” என்றால் “நீயே பாத்து முடிவெடுத்துக்கம்மா” என்பான். “கறவை மாட்ட வித்துரவா?” என்றால் “உன் இஷ்டம்மா” என்பான். “வயிறு வலிக்கு, வத்திராயிருப்புல காட்டவா, வில்லிபுத்தூர் போகவா?” என்றாலும் அதே பதில்தான். தாயின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மகன் என்று தெருவில் எல்லாரும் மெச்சிக்கொள்வார்கள்.

சமுத்திரம் அப்படியில்லை. அவர் இருந்தவரை அந்த வீட்டில் ஒரு முடிவு லேசில் எடுபட்டதில்லை. இவள் புளிக்குழம்பு என்றால் அவர் ரசம் என்பார். புரட்டாசிச் சனிக்கிழமை பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு முதல் வாரமே போய்விடலாம் என்று இவள் சொன்னால், கூட்டம் நெரியும், மூன்றாவது வாரம் போகலாம் என்பார். மூன்றாவது வாரம்தான் அதிகக் கூட்டம் என்று இவள் பிடித்துக்கொள்வாள். வாய்ச்சண்டை வலுத்துக்கொண்டே போகும். யார் பேசும்போது சுவரில் பல்லி சத்தம் கொடுக்கிறதோ அவர்கள் ஜெயித்ததாகக் கணக்கு. “பல்லியே சொல்லிருச்சு, பொறவென்ன?” என்று ஜெயித்தவர் தரையில் விரலால் தட்டுவார். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் காரியத்தைச் செய்வார்.

அவர் போனதும் சண்டை நின்றுவிட்டது. பல்லி மட்டும் டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்தது. முத்துப்பேச்சி அதனிடம் கேட்க ஆரம்பித்தாள். முதலில் தன் கட்சியைச் சொல்வாள். பிறகு சமுத்திரம் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை, அவர் இழுத்துப் பேசுகிற மாதிரியே இழுத்துச் சொல்வாள். பிறகு அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பாள். பல பொழுது சமுத்திரம்தான் ஜெயித்தார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவர் ஜெயிக்கிற அன்றைக்குக் கொஞ்சம் நேரம் அவரைத் திட்டலாம்.

இந்த நிலையில்தான் மையத்தின் கணக்கெடுப்புக்கு பியூலா வந்தாள். ராஜபாளையத்துப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப். வெயிலில் வந்தவளை உட்காரவைத்து முத்துப்பேச்சி மோர் கொடுத்தாள். பியூலா கேள்விக்கு வந்தாள்.

“பெரிய செலவு, சின்னச் செலவு, வெளிய போறது, வாரது, சமையலு, இதுக்கெல்லாம் உங்க வீட்டுல முடிவெடுக்கிறது யாரு பெரியம்மா?”

“பல்லி.”

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். “யாரு?”

“பல்லி தாயி. அந்தா, லைட்டுக்குப் பின்னால வாலு தெரியுதுல்லா. நான் சொல்லுததையும் சொல்லுவேன், அவிய சொல்லியிருப்பாகளே, அதையும் சொல்லுவேன். அது யாரு பக்கம் சத்தம் கொடுக்கோ அதுதான்.”

“அப்போ நீங்கதான் முடிவெடுக்கீங்கன்னு போட்டுரவா?”

“அதெப்படி? போன வாரம்கூட வளையல்காரரு வந்தாரு. எனக்குப் போடணும்னுதான் ஆசை. அது வாயத் தெறக்கல, விட்டுட்டேன். கவருமெண்டு ஆளுகிட்டப் பொய் சொல்லக்கூடாதுல்லா.”

பியூலா கவர்மெண்டு ஆள் இல்லை. தினக்கூலி ஆள். சாயங்காலத்துக்குள் இந்தத் தெருவை முடிக்க வேண்டும். டேப்பில் கணவர், மாமனார், மாமியார், மகன், மற்றவர் என்று வரிசையாக இருந்தது. அவள் ‘மற்றவர்’ என்பதை அழுத்தினாள். பெயர் போடாமல் டேப் அடுத்த கேள்விக்கு நகராது. அவள் ‘பல்லி’ என்று போட்டாள். நகர்ந்தது. “செத்த நேரம் உக்காந்துட்டுப் போயேன்” என்று முத்துப்பேச்சி சொன்னபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் மையத்துக் கம்ப்யூட்டரில் கான்சாபுரம் சிவப்பாகிவிட்டது. காரணம் ஒரே வீடு. முத்துப்பேச்சி வீட்டில் குடும்பத் தலைவியின் பங்கு பூஜ்யம், உடன் வசிக்கும் மற்றவரின் பங்கு நூறு. மாவட்டத்தில் இதுவரை எந்த ஆம்பளையும் நூறு வாங்கியதில்லை. குடித்துவிட்டு வந்து சட்டியை உடைக்கிறவன்கூட, சட்டியில் உப்பு எவ்வளவு என்பதைப் பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்துத் தொண்ணூறோடு நின்றிருந்தான்.

“யாரு இந்தப் பல்லி? அரசியல்ல இருக்கானா?” என்று கேட்டார் நவநீதகிருஷ்ணன்.

“பல்லிதான் சார். சுவத்துல இருக்கும்லா, அது.” பியூலா நடந்ததைச் சொன்னாள். “அழிச்சிரலாமா சார்?”

நவநீதகிருஷ்ணன் மின்விசிறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அழிக்கிற அதிகாரம் நமக்கு இல்லம்மா. அது சென்னையிலதான். அழிக்கணும்னு கேட்டா, ஏன் பதிஞ்சீங்கன்னு கேப்பாங்க. ஏன் பதிஞ்சீங்கன்னு கேட்டா, யாரு பயிற்சி கொடுத்ததுன்னு கேப்பாங்க. நான்தான் கொடுத்தேன். அதனால சரிபண்ணத்தான் முடியும்.” அப்படியே எழுந்து நின்றுவிட்டார். “பல்லியா இருந்தா என்ன, ஆதிக்கம் ஆதிக்கம்தான்.”

முத்துப்பேச்சிக்குக் கடிதம் போயிற்று. ‘தாங்களும் தங்களுடன் வசிக்கும் திரு. பல்லி அவர்களும் நேரில் ஆஜராகவும்’ என்று கண்டிருந்தது. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். சமுத்திரத்துக்குக்கூட யாரும் திரு போட்டு எழுதியதில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூப்பிடுகிறார்கள், போனால் நாலு பேரைப் பார்க்கலாம் என்று பெட்டியில் இருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வண்டியேறினாள்.

மாடியில் பொன்னுராஜ் என்கிற ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். அது பல்லி என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் இருந்த கேள்விகள் குடிகாரக் கணவன்மாருக்கென்று அச்சடித்தவை. வேறு கேள்வி கேட்க அவருக்கு உத்தரவு இல்லை.

“அவர் வரலையா?”

“அது எங்க சார் வரும்? பகல்ல வெளிய தல காட்டாது.”

‘விசாரணைக்கு ஒத்துழைக்க மறுப்பு’ என்று பொன்னுராஜ் எழுதிக்கொண்டார். “கை நீட்டுற பழக்கம் உண்டா?”

“ஒண்ணும் செய்யாது. ஒருவாட்டி தோள்ல விழுந்துச்சு. பஞ்சாங்கத்துல பாக்கச் சொன்னேன், நல்லதுன்னுதான் போட்டிருந்துச்சு.”

‘தாக்குதல் உண்டு. பாதிக்கப்பட்டவர் அதற்குச் சமாதானம் சொல்கிறார்.’

“வீட்டுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்காரா?”

“கொசுவப் புடிக்கும்.”

பொன்னுராஜ் பேனாவை ஒரு தடவை உதறிக்கொண்டார். “அவர் இல்லாம உங்களால வாழ முடியுமா, முடியாதா?”

முத்துப்பேச்சி யோசித்தாள். “முடியும் சார். எதுவும் இல்லாமத்தான் இருந்து பழகிட்டோமே. ஆனா பொழுதடைஞ்சா நான் யாருகிட்டப் பேச?”

அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. பொன்னுராஜ் முடியும் என்பதில் மட்டும் டிக் அடித்தார்.

அடுத்து சுயமுடிவுப் பயிற்சி. ஒரு தட்டில் பச்சை வளையலும் சிவப்பு வளையலும் வைத்து, யார் சொல்லையும் கேட்காமல் பிடித்ததை எடுக்கச் சொன்னார்கள். முத்துப்பேச்சி சிவப்பை எடுத்தாள். பயிற்சியாளர் முகம் சுளித்தார். “அது இல்லம்மா. சிவப்பு நம்ம மையத்துல பின்தங்கினதுக்கு உள்ள கலர். நல்லா, சுதந்திரமா யோசிச்சு, பச்சையை எடுங்க.” அவள் பச்சையை எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வளையலைத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுடைய வீட்டுக்காரர் வாசலில் நின்று ‘பச்சை, பச்சை’ என்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போன முத்துப்பேச்சி அன்றைக்கே நடந்ததையெல்லாம் பல்லியிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், மறுவாரம் பியூலா போன் செய்து விசாரித்தபோது அதையும் வெள்ளந்தியாகச் சொன்னாள். நவநீதகிருஷ்ணனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று, இனிக் குதித்துத்தான் ஆகவேண்டும்.

ஜீப் வந்தது. முன்னால் பேனர், பின்னால் பெயிண்ட் வாளி, பூச்சிமருந்து அடிக்கிற மிஷின். பியூலாவும் கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தெருவே கூடிவிட்டது. நவநீதகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்.

“அம்மா, உங்க வீட்டைச் சுத்தம் பண்ணி, வெள்ளையடிச்சு, இந்தப் பிரச்சினையை நிரந்தரமா தீர்க்கப்போறோம். ஆனா ஒண்ணு. உங்க சம்மதம் இல்லாம எதுவும் செய்யமாட்டோம். இது முழுக்க முழுக்க உங்க முடிவு. இதுல ஒரு கையெழுத்து.”

“வேண்டாம்னு சொன்னா?”

“தாராளமா சொல்லலாம். உங்க உரிமை. ஆனா வேண்டாம்னு சொன்னீங்கன்னா, அது அந்தப் பல்லி சொல்லி நீங்க சொல்றதாத்தான் நாங்க எடுத்துக்க முடியும்.”

“சரின்னு சொன்னா?”

“அது நீங்களா சொல்றது.”

முத்துப்பேச்சி தாளை வாங்காமல் டியூப்லைட்டைக் காட்டினாள். “அது ஒரு பாவமும் அறியாது சார். அது பாட்டுக்கு மூலையில கெடக்கு. எங்க வீட்டுக்காரரு காலத்துல இருந்தே இருக்கு” என்றாள். அதுவும் பதிவாயிற்று, நீண்டகால ஆதிக்கம் என்று. மகனுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றாலும் எடுத்தான். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். விஷயத்தைப் பாதி கேட்டுவிட்டு, “உனக்கு எது சரின்னு தோணுதோ செய்யம்மா, நீயே பாத்துக்க” என்று வைத்துவிட்டான்.

அவள் வேறு யாரைக் கேட்பாள்? எல்லார் முன்னாலும் அண்ணாந்து பார்த்து, “என்ன செய்யட்டும்? நீயே சொல்லு” என்று டியூப்லைட்டைக் கேட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் காது கொடுத்தார்கள், நவநீதகிருஷ்ணனும்தான். பல்லி சத்தம் கொடுக்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. “உங்களுக்கு வேண்டிய நேரத்துல வாயத் தெறக்கல. வீட்டுல அதிகாரம் பண்றவங்க எல்லாருமே இப்படித்தான்மா. என்னையே எடுத்துக்கோங்க.” சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று யோசித்து, பெயிண்டரைப் பார்த்து, “ஆரம்பி” என்றார்.

முத்துப்பேச்சி கையெழுத்துப் போட்டாள்.

மருந்து அடித்தார்கள். டியூப்லைட்டைக் கழற்றி வேறு மாட்டினார்கள். சுவருக்கு ரோஸ் கலர். அவளுக்கு ரோஸ் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முடிவெடுக்கும் வீட்டுக்கு ரோஸ்தான் என்று மேலிடத்தில் முடிவாகி நாளாகிவிட்டது. பல்லி எந்தப் பக்கமாக ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை. வால் மட்டும் அறுந்து தரையில் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அறிக்கையில் சேர்க்க ஆதாரம் வேண்டுமாம். ஜீப் போனதும் முத்துப்பேச்சி அந்த வாலை எடுத்து வாசல் செடிக்குக் கீழே மண்ணைத் தோண்டிப் போட்டாள். அதற்கப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மாவட்டத்திலேயே பூஜ்யத்திலிருந்து நூறுக்கு வந்த ஒரே குடும்பத் தலைவி என்று முத்துப்பேச்சிக்குக் கேடயம். என்ன சேலை கட்ட வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து வணங்க வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேடையில் இருந்த நாற்காலிகளில் ஆண்கள் நிறைந்துவிட்டதால் அவளைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

நவநீதகிருஷ்ணன் பேசினார். “எங்கள் வீட்டில் எல்லா முடிவும் என் மனைவிதான் எடுக்கிறார். அந்த உரிமையை அவருக்கு நான்தான் கொடுத்திருக்கிறேன். நான் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார், அந்த அளவுக்கு எங்களுக்குள் புரிதல். அவரே இன்று இங்கு வந்திருக்க வேண்டியது. வேண்டாம், வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டேன்.” கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

முத்துப்பேச்சியையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருந்த தாளை அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், அதன் பக்கம் தலையைச் சாய்த்துப் பேசினாள்.

“எனக்கு முடிவெடுக்கத் தெரியும்யா. எங்க வீட்டுக்காரரு இருக்கும்போதே பாதி நான் சொன்னதுதான் நடக்கும். மீதி அவிய சொன்னது. ரெண்டுமே சண்டை போட்டுத்தான் நடக்கும். இப்ப எல்லாமே நான் சொல்லுததுதான் நடக்கு.”

அந்த இடத்தில் மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவள் மேற்கொண்டு சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. படிக்கட்டில் நின்ற பியூலாவுக்கு மட்டும் கேட்டது.

“வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. ரசம் வச்சா ரசம், குழம்பு வச்சா குழம்பு. ஏன் வச்சேன்னு கேக்க ஆளு இல்ல. அது எனக்குத் தாங்கல.”

விழா முடிந்து பத்து நாளைக்கெல்லாம் பியூலா கான்சாபுரம் வந்தாள். கடைசிப் பார்வையிடல். ரோஸ் சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு பூச்சிகூட இல்லை. முத்துப்பேச்சி முகம் வற்றிப்போயிருந்தாள். சமைத்த அடையாளமே அடுப்பில் காணோம்.

“சாப்பிடலையா பெரியம்மா?”

“என்ன வைக்கன்னே தெரியல தாயி. யோசிச்சுட்டே இருந்தேன், பொழுது போயிருச்சு.”

பியூலா டேப்பைத் திறந்தாள். “ஒரே கேள்விதான். இதுக்குப் பதில் போட்டுட்டா உங்க வீடு பச்சைல முடிஞ்சிரும். இனிமே நாங்க யாரும் வந்து உங்களத் தொந்தரவு பண்ணமாட்டோம்.”

“யாரும் வரமாட்டீகளா?”

“வரவேண்டியதில்ல பெரியம்மா. முடிஞ்சவங்க வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சிவப்பா இருந்தாத்தான் மாசாமாசம் வரணும்.”

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அது கடைசித் திருப்பம் தாண்டும்வரை முத்துப்பேச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க பெரியம்மா. உங்க வீட்டுல இப்ப முடிவெடுக்கிறது யாரு?”

“பூனை.”

பியூலாவின் விரல் நின்றது. அவள் வாசலில் நின்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பால் ஊற்றின கிண்ணம் இல்லை. தின்ற மிச்சமீதி இல்லை, பூனை மயிர் இல்லை, கால்தடம் இல்லை. புதுப் பெயிண்ட் வாடை மட்டும் இருந்தது.

“பூனையா?”

“ஆமா. புதுசா வந்திருக்கு. ரொம்ப அதிகாரம் பண்ணுது. அதக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்ல.” முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்க்காமல், முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “இப்ப வெளிய போயிருக்கு.”

பியூலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ‘மற்றவர்’ என்பதை அழுத்தினாள்.

“பேரு கேக்குது பெரியம்மா. பூனைக்கு என்ன பேரு போட?”

“இன்னும் வைக்கலட்டி. அடுத்த மாசம் நீ வா. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.”